ரீசெட் அடித்த போனும் பெரியப்பாவின் படங்களும்

"போனில ஒண்டும் இல்லையாம் தம்பி, எல்லாம் போட்டுதாம்."

பெரியம்மா இதைச் சொன்னபோது போன் அவருடைய மடியில் இருந்தது. 2025 ஆவணி, விசுவமடுவில் அவருடைய வீட்டுத் திண்ணை. சுவரில் பெரியப்பாவின் படம் மாலையோடு தொங்கியது. அது அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தைப் பெருப்பித்தது. கண்ணும் மூக்கும் கரைந்துபோய், ஆளை அறிந்தவர்களுக்கு மட்டும் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்தது. ஆட்டைத் திவசத்துக்கு வேறு படம் கிடைக்கவில்லையாம்.

பெரியப்பா 2024 பங்குனியில் போனவர். அவருடைய போனில் நிறையப் படம் இருந்தது எல்லோருக்கும் தெரியும். வயல், மாடு, பேரப்பிள்ளைகள், கோயில் என்று எதைக் கண்டாலும் எடுப்பார். ஆனால் போனைத் திறக்க விரலால் கீறும் பற்றன் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, படங்களைப் பார்க்கலாம் என்ற ஆசையில் பெரியம்மா போனை ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் ரீசெட் அடித்துத் திறந்து கொடுத்துவிட்டார்கள். படம் பார்க்கக் கொடுத்த போன் வெறும் போனாகத் திரும்பி வந்தது. ரீசெட் என்றால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நான் கிளிநொச்சியில் கணினி வேலை செய்கிறவன். ஒரு வருடமாக இதை எனக்கு யாரும் சொல்லாமல் விட்டதுதான் பெரிய கவலை. நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன், இதே நிலையில் இன்னும் எத்தனையோ வீடுகள் இருக்கும்.

முதலில் கசப்பான பகுதி. ரீசெட் அடித்த போனின் உள்நினைவகத்தில் இருந்து எதையும் எடுக்க முடியாது. அந்தப் போன் 2020இல் வாங்கியது. அந்தக் காலத்து ஆண்ட்ராய்ட் போன்கள் படங்களைப் பூட்டிய நிலையில்தான் உள்ளே எழுதி வைக்கின்றன. ரீசெட் அடிக்கும்போது அந்தப் பூட்டின் சாவி அழிகிறது. சாவி போனபின் மிச்சம் இருப்பது எவராலும் வாசிக்க முடியாத குப்பை. "ரீசெட் ஆன போனில் இருந்து படம் மீட்டுத் தருகிறோம்" என்று காசு கேட்கும் செயலிகளை நம்பி ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். சிலர் பெரியம்மாவுக்கும் அப்படி ஒன்றைச் சொல்லியிருந்தார்கள்.

அதனால் போனை ஒருபக்கம் வைத்துவிட்டு, பெரியம்மாவோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். படம் எடுத்தால் பெரியப்பா அதை யாருக்கு அனுப்புவார்? வைஃபை உள்ள யார் வீட்டுக்காவது போனைக் கொண்டுபோனவரா? மெமரி கார்ட் போட்டிருந்ததா? போன் வாங்கின பெட்டி இருக்கிறதா? ரீசெட் அடித்தபிறகு போன் ஏதாவது கேட்டதா?

கடைசிக் கேள்விக்கு வந்த பதில்தான் எனக்கு நம்பிக்கை தந்தது. "பழைய கூகுள் கணக்கைக் கேக்குது எண்டு கடைப் பெடியன் சொன்னவன். பிறகு அவனே என்னவோ செய்து புதுசா ஒண்டு போட்டுத் தந்தவன்." அதாவது, போனில் முன்பு ஒரு கூகுள் கணக்கு இருந்திருக்கிறது. திருடர்கள் ரீசெட் அடித்துப் பாவிக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஆண்ட்ராய்ட் அந்தக் கேள்வியைக் கேட்கிறது. கணக்கு இருந்தால் கூகுள் போட்டோஸில் படங்களின் பிரதி இருக்க இடமுண்டு. ஆனால் அந்தக் கணக்கின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. போன் வாங்கிய அன்று கடைக்காரரே மின்னஞ்சல் ஒன்றை உருவாக்கிப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எங்கள் பக்கம் வயதானவர்களின் போனில் பாதி இப்படித்தான். தங்களுக்கு மின்னஞ்சல் முகவரி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பெட்டி இருந்தது. பெரியம்மா ட்ரங்குப் பெட்டியைத் திறந்து, ஒரு தடித்த பொலித்தீன் பையை எடுத்தார். காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ்கள், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், எல்லாவற்றுக்கும் அடியில் போன் பெட்டி. வன்னியில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும். ஓட வேண்டி வந்தால் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு. ஓட்டம் முடிந்து இத்தனை வருடமாகியும் பை அவிழவில்லை. பெட்டிக்குள் உத்தரவாத அட்டை, அதன் பின்பக்கத்தில் நீலப் பேனையால் ஆங்கிலத்தில் இரண்டு வரி. மேல் வரி மின்னஞ்சல், கீழ் வரி பாஸ்வேட். ஈரம் பட்டு மேல் வரியின் நடுவில் நான்கைந்து எழுத்து கரைந்து போயிருந்தது. பாஸ்வேட் முழுதாகத் தெரிந்தது.

கிளிநொச்சிக்குத் திரும்பி, என்னுடைய லப்டொப்பில் ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்த்தேன். அது பிழையான வேலை. தெரியாத இடத்தில் இருந்து, தெரியாத கணினியில் இருந்து, திரும்பத் திரும்ப முயற்சி செய்தால் கூகுள் சந்தேகப்படும், கொஞ்ச நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடும். எனக்கும் அதுதான் நடந்தது. நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு திரும்ப விசுவமடுவுக்குப் போய், பெரியப்பா பாவித்த அதே போனில், அவர் இருந்த அதே வீட்டில் இருந்து தொடங்கினேன். கணக்கை மீட்கும்போது பழக்கமான போனும் பழக்கமான இடமும் உதவும் என்று கூகுளே சொல்கிறது.

மின்னஞ்சலை மறந்தவர்களுக்கு என்று உள்நுழையும் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. கணக்கோடு இணைத்த தொலைபேசி இலக்கத்தையும் கணக்கில் உள்ள பெயரையும் கொடுத்தால், அந்த இலக்கத்துக்கு ஒரு குறியீட்டை அனுப்பி, பொருந்துகிற முகவரியைக் காட்டும். கேள்வி என்னவென்றால், பெரியப்பாவின் இலக்கம் இன்னும் வேலை செய்கிறதா? போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடமாகிவிட்டது. ரீலோட் போடாத சிம்மை இவ்வளவு நாள் விட்டுவைக்க மாட்டார்கள்.

கேட்டேன். பெரியம்மா எழும்பி உள்ளே போய், சாமித் தட்டில் இருந்து ஒரு பட்டன் போனை எடுத்து வந்தார். பெரியப்பாவின் சிம் அதற்குள் இருந்தது. மாதா மாதம் நூறு ரூபா ரீலோட் போட்டு வருகிறார். "ஆரும் பழைய ஆக்கள் எடுத்தா, நம்பர் பாவனையில் இல்லை எண்டு சொல்லக் கூடாது தம்பி" என்றார். நான் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

இலக்கத்தைப் போட்டு, அடையாள அட்டையில் உள்ளபடி பெயரைப் போட்டேன். பட்டன் போன் 'டிங்' என்றது, குறியீடு வந்தது, கொடுத்தேன். அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது. திரும்ப உத்தரவாத அட்டையைப் பார்த்தேன். அடையாள அட்டையில் 'டிஎச்' என்று இருந்த இடத்தில் கடைக்காரர் வெறும் 'டி' போட்டு எழுதியிருந்தார். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாகத்தானே எழுதுகிறோம். கடைக்காரர் எழுதிய மாதிரியே போட்டேன். இரண்டாவது குறியீடு வந்தது, முகவரி வந்தது. அட்டையில் இருந்த பாஸ்வேட்டைப் போட்டதும் கணக்கு திறந்தது.

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வருடம் ஒருவரும் தொடாத தனிநபர் கணக்கை, உள்ளே இருக்கும் படங்களோடு சேர்த்து, கூகுள் அழிக்கலாம். 2023 மார்கழியில் இருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. பெரியப்பாவின் கணக்கை ஒரு வருடமாக யாரும் தொடவில்லை. இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் இந்தக் கதையே வேறு. உங்கள் வீட்டில் இறந்தவர்களுடைய கணக்கு ஏதாவது இருந்தால், இடைக்கிடை உள்ளே போய் வாருங்கள்.

கூகுள் போட்டோஸைத் திறந்தபோது 1,163 படங்கள் இருந்தன. பெரியம்மா என் தோளோடு ஒட்டி இருந்து பார்த்தார். நான் வேகமாகத் தள்ளிக்கொண்டு போக, "நில்லு நில்லு" என்று கையைப் பிடித்தார். வற்றாப்பளை அம்மன் கோயிலில் 2023 வைகாசிப் பொங்கல். பெரியப்பா வெறும் மேலோடு, தோளில் துண்டு, நெற்றியில் வியர்வையில் கரைந்த திருநீறு. பின்னால் சனக்கூட்டம். அந்த ஒரு படத்தில் அரை மணித்தியாலம் நின்றோம்.

பிறகுதான் கவனித்தேன். படங்கள் முழுதாக இல்லை. 2023 கார்த்திகை நடுப்பகுதி வரை எல்லாம் இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. காரணம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. கூகுள் போட்டோஸ் சாதாரணமாக வைஃபை கிடைத்தால்தான் படங்களை மேலே ஏற்றும், டேட்டாவில் ஏற்றாது. விசுவமடு வீட்டில் வைஃபை இல்லை. வவுனியாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதுதான் போன் வைஃபையைக் காணும். கடைசியாக அவர் அங்கே போனது 2023 தீபாவளிக்கு. அன்றைக்கு அங்கே இருந்தபடி அதுவரை எடுத்த எல்லாம் ஏறியிருக்கிறது. அதன்பிறகு எடுத்த நாலரை மாதத்துப் படங்கள் போனோடு நின்றுவிட்டன.

குப்பைத் தொட்டியையும் பார்த்தேன். மேலே ஏறிய படத்தை அழித்தால் அது அங்கே 60 நாள் இருக்கும், ஏறாத படம் என்றால் 30 நாள். இரண்டுமே எப்போதோ கடந்துவிட்டன. காப்பகத்துக்குள் மட்டும் ஆறு படம் இருந்தது, கை தவறிப் போனவை என்று நினைக்கிறேன்.

1,163 படங்களையும், கணக்கில் உள்ளதை மொத்தமாக இறக்க உதவும் கூகுள் டேக்அவுட் மூலம் இறக்கினேன். பெரிய தொகுப்பை அது துண்டு துண்டான சிப் கோப்புகளாகத் தரும், இறக்கும் இணைப்பு ஒரு கிழமைக்குத்தான் செல்லும். அதனால் இணைப்பு வந்ததும் இறக்கிவிட வேண்டும். அதைச் செய்து ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்தேன்.

மிச்சம் நாலரை மாதம். பெரியம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு படத்தைப் பற்றி. அந்த வருடக் காலபோக வெள்ளாண்மை வெட்டி, முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டபோது எடுத்ததாம். பெரியப்பா போனை முருங்கை மரக் கொப்பில் சாத்தி வைத்து, தானே எடுத்துக்கொண்டதாம். அதுதான் அவர் நடமாடிய கடைசி அறுவடை.

அதற்கு இருந்த ஒரே வழி மெமரி கார்ட். போனின் உள்ளே இடம் நிரம்பிவிட்டதால், அக்காவின் மகன் முந்திய வருடமே கமரா படங்களைக் கார்டில் சேமிக்கும்படி மாற்றி விட்டிருந்தான். நல்ல காலம். போனை ரீசெட் அடித்தால் கார்டில் உள்ளது அழியாது. ஆனால் ரீசெட்டுக்குப் பிறகு அந்தக் கார்டைப் பட்டன் போனில் போட்டு, அது 'ஃபோமட் செய்யவா' என்று கேட்க, ஓம் கொடுத்து, அம்மம்மா கேட்கட்டும் என்று பக்திப் பாட்டுகளை ஏற்றியிருக்கிறான். அன்போடு செய்த வேலை, அவனை ஒருவரும் பேசக் கூடாது என்று நான் முதலே சொல்லிவிட்டேன்.

உடனே கார்டைக் கழற்றச் சொன்னேன். ஃபோமட் செய்தால் பெரும்பாலும் படங்கள் அந்த இடத்திலேயே கிடக்கும், எது எங்கே கிடக்கிறது என்ற அட்டவணைதான் போகும். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்ட மாதிரி. புதிதாக ஏதாவது எழுதினால்தான் பழையது மேல் எழுதப்பட்டு அழியும். 16 ஜிபி கார்ட், ஏற்றிய பாட்டுகள் ஏறக்குறைய 2 ஜிபி. மிச்சம் தப்பியிருக்க வேண்டும்.

கார்ட் ரீடரில் போட்டதும் நான் செய்த முதல் வேலை, கார்டை முழுதாக அப்படியே ஒரே கோப்பாக லப்டொப்பில் பிரதி எடுத்தது. அதற்குப் பிறகு கார்டைத் தொடவில்லை, பிரதியில்தான் வேலை செய்தேன். போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். பார்க்கப் பழைய காலத்துக் கறுப்புத் திரை மாதிரி இருக்கும், பயப்படத் தேவையில்லை. அது அட்டவணையைத் தேடாது. ஒவ்வொரு ஜேபெக் படமும் தொடக்கத்தில் ஒரே மாதிரியான சில பைட்டுகளோடு தொடங்கும். போட்டோரெக் கார்டின் முதல் அங்குலத்தில் இருந்து கடைசி வரை அந்தத் தொடக்கத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து படத்தை வெட்டி எடுக்கும். கோப்பு வகைகளில் ஜேபெக்கை மட்டும் வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், இல்லாவிட்டால் பாட்டும் சேர்ந்து வந்து குவியும். மீட்டவற்றை ஒருபோதும் அதே கார்டில் சேமிக்கக் கூடாது. தேடுகிற நெல்லின் மேல் வைக்கோலைக் கொட்டுவது போலாகும்.

ஒரு கோப்புறைக்கு ஐந்நூறு என்று ஐந்து கோப்புறை வந்தது. பழைய பெயர் ஒன்றுக்கும் இல்லை, எல்லாம் ஒரு எழுத்தும் நீண்ட இலக்கமும். பாதிக்கு மேல் குட்டிக் குட்டிப் படங்கள். பாட்டுகளின் அட்டைப் படங்கள், கலரி தனக்கென்று செய்து வைக்கும் சின்னப் பிரதிகள். அளவின்படி வரிசைப்படுத்திப் பெரியதை மட்டும் பிரித்தேன். பெயர் போனாலும், எடுத்த திகதியும் நேரமும் படத்துக்குள்ளேயே எழுதியிருக்கும், அது போகாது. விண்டோஸில் 'எடுத்த திகதி' என்ற நிரலைச் சேர்த்து அதன்படி அடுக்கினேன். 2023 மார்கழி, 2024 தை, மாசி என்று வரிசையில் வந்து நின்றன.

மாசி மாதத்தில் அந்தப் படம் இருந்தது. திறந்தேன். மேல் பாதி தெளிவு. முருங்கை இலை ஒன்று ஓரத்தில், முற்றம், நீலப் படங்கில் பரப்பிய நெல், பெரியப்பாவின் தலையும் தோளும். இடுப்புக்குக் கீழே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒரு பாட்டு அந்தப் பாதியின் மேல் வந்து விழுந்திருக்கிறது. அதை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

மனம் விட்டுப் போய்த்தான் அடுத்த படத்தைத் திறந்தேன். மூன்று செக்கன் கழித்து எடுத்தது. முழுதாக இருந்தது. கொஞ்சம் அசைந்து மங்கல், ஆனால் முழுது. பெரியப்பா குனிந்து பார்த்தபடி, வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடக்கிறார். அவருக்குப் பின்னால் படங்கு முழுக்கக் கால் இழுத்த வரிகள், வளைந்து வளைந்து, உழுத வயல் மாதிரி.

கார்டில் இருந்து இப்படி 214 படம் கிடைத்தது. 31 படம் பாதி சாம்பல். அவற்றையும் எறியவில்லை.

இனி ஒரே ஒரு படம். கலியாணப் படம். பெரியப்பாவும் பெரியம்மாவும் கிளிநொச்சி ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்துக்கொண்டது. விசுவமடுவில் இருந்து உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாம் என்று 2009 யுத்தத்தில் அந்தப் பொலித்தீன் பைக்குள் கூடவே போய், கூடவே திரும்பி வந்த படம். ஊரில் முக்கால்வாசி வீடுகளில் 2009க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. இவர்களிடம் இருந்தது. திரும்பி வந்து சுவரில் மாட்டிய பிறகு, அதைக் கறையான் தின்றுவிட்டது. தின்னத் தொடங்கியபோது பெரியப்பா அதைப் போனில் படம் எடுத்தார் என்பது பெரியம்மாவுக்கு நல்ல ஞாபகம். ஆனால் கூகுளிலும் இல்லை, கார்டிலும் இல்லை.

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்குத் திரும்பிப் போனேன். யாருக்கு அனுப்பினவர்? "கனடாவில தங்கச்சிக்காரிக்குத்தான். அவதான் படத்தைக் காட்டுங்கோ அண்ணா எண்டு கேட்டவ. கதைச்சுக்கொண்டு இருக்கேக்கயே எடுத்து அனுப்பினவர்."

அப்போதுதான் விளங்கியது. வட்ஸ்அப்புக்குள் இருந்தபடியே அதன் கமராவால் எடுத்திருக்கிறார். அப்படி எடுத்தால் படம் போனின் சாதாரண கமராக் கோப்புறைக்குப் போகாது, வட்ஸ்அப்பின் சொந்தக் கோப்புறைக்குள் போகும். கமராக் கோப்புறையைத்தான் கூகுள் போட்டோஸ் தானாக ஏற்றும். வட்ஸ்அப் கோப்புறையை நாம் தனியாகத் தெரிவு செய்து கொடுத்தால்தான் ஏற்றும்.

கனடா மாமிக்கு இரவு எட்டு மணிக்கு எடுத்தேன், அங்கே காலை பத்தரை. விஷயத்தைச் சொன்னதும் மாமி தேட ஆரம்பித்தார். உரையாடலில் மேலே தள்ளித் தள்ளிப் போனால் விடியும். அதனால் பெரியப்பாவின் பெயரைத் தட்டி, மீடியா என்ற பகுதிக்குள் போகச் சொன்னேன். மாதவாரியாக அடுக்கியிருக்கும். 2021 புரட்டாதியில் இருந்தது. சாதாரணமாகப் படமாக அனுப்பினால் வட்ஸ்அப் இன்னொரு முறை சுருக்கக் கூடும், அதனால் டொக்கியுமென்டாக அனுப்பச் சொன்னேன். ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய படம்தான். நீளப் பக்கம் 1,600 புள்ளி. தபால் அட்டை அளவில் அச்சடிக்கத் தாராளமாகப் போதும்.

வலது மூலையில் கறையான் தின்ற இடம் தெரிகிறது. பெரியம்மாவின் சேலைக் கரையில் கொஞ்சம் போய்விட்டது. முகங்கள் இரண்டும் இருக்கின்றன. பெரியப்பாவுக்கு அடர்த்தியான மீசை, நான் அவரை மீசையோடு கண்டதே இல்லை.

கலியாணப் படத்தையும் நெல்லுக் காயப்போட்ட படத்தையும் கிளிநொச்சியில் அச்சடித்துச் சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாப் படமும் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. அக்காவின் கணினியில், என்னிடம் ஒரு வன்தட்டில், பெரியப்பாவின் கூகுள் கணக்கில். கணக்கின் முகவரியையும் பாஸ்வேட்டையும் புதிய தாளில் பெரிய எழுத்தில் எளிதாக வாசிக்கிற மாதிரி எழுதி, கரையாமல் இருக்க லெமினேட் செய்து கொடுத்தேன். பெரியம்மா அதைக் காணிப் பத்திரத்துக்கு மேலே வைத்துப் பையைக் கட்டினார்.

அடையாள அட்டைப் படத்தைக் கழற்றிவிட்டு, நெல்லுப் படத்தை அந்த ஆணியிலேயே மாட்டினோம். நான் புறப்படும்போது பெரியம்மா நூறு ரூபாத் தாளை என் கையில் வைத்தார்.

"போற வழியில கொப்பற்ற நம்பருக்கு ரீலோட் போட்டுவிடு அப்பன். இண்டைக்குத்தான் முடியுது" என்றவர், தன்னைத் தானே திருத்திக்கொண்டார். "பெரியப்பான்ர நம்பருக்கு."